பாறை பார்க்கப் போன பெல்ட்

அந்தக் கம்பத்தின், அதாவது மலாய்க் கிராமத்தின், பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போவீர்கள். போனால் சும்மா இருக்க மாட்டீர்கள், பாறையின் விளிம்பு வரைக்கும் போய் நின்று படம் எடுப்பீர்கள். பிறகு நீங்கள் வீடு வந்து சேர்ந்தீர்களா இல்லையா என்று கிள்ளானில் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு யோசிக்க ஏற்கனவே நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். திரங்கானு பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக் கம்பம். முன்னால் கடல். ஒரு ஓரத்தில், கேக்கை வெட்டிப் பாதியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோலச் செங்குத்தாக நிற்கும் சிவப்புப் பாறை.

என் மனைவி அதை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டாள். அவளுடைய கோவில் பூக்கட்டும் குழுவில் இருக்கும் பெண்களும் பார்த்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் வேன் பேசி முடித்தார்கள். புருஷன்மாரில் என்னை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். விட்டுவிட்டுப் போனால் அரைமணிக்கு ஒரு தடவை போன் அடிப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்ட் கிள்ளானில் லோரிக்குக் கெலிண்டானாகப் போனேன். கெலிண்டான் என்றால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சரக்கைக் கட்டி, அவிழ்த்து, வண்டி பின்னால் வரும்போது கை காட்டுகிறவன். பிறகு நானே ஓட்டினேன். முப்பத்து நான்கு வருடம் இந்தக் கை சரக்கைக் கட்டியிருக்கிறது. கட்டாத சாமான் எதைப் பார்த்தாலும் என் கை கயிற்றைத் தேடும். படிப்பு குறைவுதான், ஆனால் எச்சரிக்கைப் பலகை ஒன்றையும் படிக்காமல் விட்டதில்லை. என் பெயரை நான் படித்ததைவிட அந்தப் பலகைகளில் இருக்கும் ‘அவாஸ்’ என்ற மலாய் வார்த்தையைத்தான் அதிகம் படித்திருப்பேன்.

இதில் பெரிய விஷயம் பாறை இல்லை, விமானம். எங்கள் மகள் தமிழ்ப் பள்ளியில் படித்து, ஆசிரியையாகி, சரவாக்கில் மீரிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள்தான் விடுமுறைக்கு விடுமுறை வந்து போகிறாள். “ஒரு தடவ நீங்க வாங்கப்பா, என் வீட்ட பாருங்க” என்று அவள் கேட்பதும், “பாப்போம்மா” என்று நான் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. கடல்மேல் பறக்கிற வண்டியில் ஏற எனக்கு மனம் வரவில்லை. மனைவி தனியாகவும் போகவில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

“நான் போயிருவேன். நீங்க இங்க டிவி முன்னால ஒக்காந்துகிட்டு பிளேன் விழுந்துச்சா விழுந்துச்சானு பாத்துகிட்டு இருப்பீங்க. அதுக்கு என் பக்கத்துலயே ஒக்காந்து பயப்படுங்க.”

வேன் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் ஒரு பந்தயம் வைத்தாள்.

“நாளைக்கு நம்ம வீட்டு கேட்ட தாண்டுனதுலேர்ந்து திரும்பி வந்து கேட்ட தொறக்குற வரைக்கும், ‘பாத்து’, ‘கவனம்’, ‘விழுந்துருவ’, இந்த மூணும் உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது. கையாலயும் ஒண்ணும் செய்யக் கூடாது. செஞ்சீங்க, ரெண்டு பேரும் மீரிக்கு பிளேன் ஏறுறோம்.”

“செய்யலனா?”

“தீபாவளி வரைக்கும் பிளேன் பேச்ச எடுக்க மாட்டேன். ஒங்க மகளையும் எடுக்க விட மாட்டேன்.”

தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஐந்து மாத நிம்மதிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருப்பது பெரிய காரியமா? சரி என்றேன்.

காலையில் அவள் என் பையைச் சோதனை போட்டாள். விமான நிலையத்தில்கூட அப்படிச் செய்வார்களா தெரியவில்லை. டார்ச் லைட் வெளியே வந்தது. விசில் வெளியே வந்தது. மஞ்சள் தூள் பொட்டலம், காயத்துக்குக் கட்டும் துணி, எல்லாம் சோபாமேல் வரிசையாக உட்கார்ந்தன.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்லா.”

அவள் பையைத்தான் சோதித்தாள், என்னைச் சோதிக்கவில்லை. என் சட்டைக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றி எட்டுச் சுற்றாக, சரக்குக் கட்டும் பெல்ட் ஒன்று இருந்தது. இரண்டு விரல் அகலம், ஒன்பது மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி. எதற்கு என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது. பாறை உள்ள ஊருக்குப் போகிறோம், கையில் ஒரு கயிறுகூட இல்லாமல் போவதா என்று மட்டும்தான் தோன்றியது.

வேன் ஓட்டுநர் என் வயதுக்காரர். மேருப் பக்கம் வீடு, நல்ல பருமன், சிரித்த முகம். வேனின் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை. நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினார். நான் மனைவியைப் பார்த்தேன்.

“அது சாமி காரியம், பந்தயத்துல சேராது,” என்றாள். “நீங்க வைக்கல, அவரு வச்சாரு.”

ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னண்ணே, ஒடம்பு போட்டுருச்சு?”

“வீட்டு சாப்பாடு,” என்றேன்.

காராக் நெடுஞ்சாலை வளைவுகளில் நான் வாய் திறக்கவில்லை. ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் முறுக்கு தின்றபோதும் திறக்கவில்லை. பெந்தோங் தாண்டிச் சாப்பிட நிறுத்தினார்கள். எனக்கு ஒரு ரொட்டி சானாய்க்குமேல் இறங்கவில்லை. இடுப்பில் எட்டுச் சுற்றும் கொக்கிகளும் இருக்கும்போது இரண்டாவதற்கு இடம் எங்கே? மனைவி என் தோளைத் தட்டி, “நல்லா அடக்குறீங்க” என்று பாராட்டினாள். அந்தப் பாராட்டு கொக்கியைவிட அதிகமாகக் குத்தியது.

பதினோரு மணிக்குக் கம்பத்துக்கு வந்து சேர்ந்தோம். வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்ததும் இறங்கிச் சக்கரங்களைத்தான் முதலில் பார்த்தேன். ஒரே சரிவு. மேலே நுழைந்து, நிறுத்தி, கீழ்ப்பக்கமாக இறங்கி வெளியேற வேண்டும். சரிவு முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி வேலி. வேலிக்கு அப்பால் ஒன்றும் இல்லை, ஆகாயம்தான். வேன் அந்த ஆகாயத்துக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றது.

“ஹேண்ட் பிரேக் போட்டீங்களாண்ணே?” என்று ஓட்டுநரிடம் மெதுவாகக் கேட்டேன். அது அந்த மூன்று வார்த்தைகளில் சேராது.

“போட்டேண்ணே. கியர்லயும் போட்டேன். வாங்க, கெரோப்போக் சுடச்சுடப் போடுறாங்க.”

எல்லோரும் கெரோப்போக் என்ற வறுத்த மீன் பண்டம் விற்கும் மக்சிக்கின், அதாவது வயதான மலாய் அம்மாவின், கடைக்குப் போனார்கள். செருப்பு வாரைச் சரி செய்துவிட்டு வருகிறேன் என்று நான் வேனுக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு நல்ல சவுக்கு மரம் நின்றது. சரக்கு கட்டியவனுக்குத் தெரியும், அப்படிப்பட்ட மரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப முடியாது. ஒரு கொக்கியை மரத்தில் மாட்டினேன். பெல்ட் இடுப்பில் சுற்றியிருந்ததால் நான்தான் சுற்றி அவிழ்க்க வேண்டியிருந்தது. கைகள் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே எட்டுத் தடவை மெதுவாகச் சுற்றினேன். மற்ற முனையை வேனின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். சவுக்கு இலைச் சருகை மேலே கொஞ்சம் தள்ளிவிட்டேன். நிமிர்ந்தபோது கெரோப்போக் மக்சிக் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். அவரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அன்றைய நாளில் எனக்கு ஒரு மணிநேரம் நிம்மதி இருந்தது. உடம்பும் இளைத்துவிட்டது. மூன்று கெரோப்போக் சாப்பிட்டேன்.

பாறை உச்சிக்குப் படிக்கட்டு இருக்கிறது. மேலே போனால் புல்வெளி. புல் முடியும் இடத்தில் உலகமும் முடிந்துவிடுகிறது. கீழே தண்ணீர் ஒரு தடவை பச்சை, ஒரு தடவை வெள்ளை. பறவைகள் நமக்குக் கீழே பறக்கின்றன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பறவையின் முதுகைப் பார்க்க வேண்டிய அவசியம் மனுஷனுக்கு என்ன?

பெண்கள் விளிம்பை நோக்கிப் போனார்கள். நான் பின்னாலேயே நின்று தலைகளை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், பத்து. அப்போது புல்லில் ஒரு மஞ்சள் பலகை கண்ணில் பட்டது. கொட்டை எழுத்தில் அவாஸ். எனக்கு ஒரு யோசனை வந்தது. குழுவில் ஒரு டீச்சர் இருந்தார், சின்னப் பிள்ளைகளுக்குத் தாடிகா என்ற பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவர், சாதுவான பெண்.

“டீச்சர், அந்த போர்ட்ல என்னமா எழுதியிருக்கு?”

“அவாஸ்னு போட்டிருக்கு அங்கிள். ஓரத்துல நிக்க வேணாம்னு.”

“அப்படியா. நமக்கு படிப்பு இல்ல பாருங்க. இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தமா படிங்க.”

டீச்சர் வகுப்பில் படிப்பதுபோலவே நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தார். நான்கைந்து பேர் இரண்டடி பின்னால் வந்தார்கள். மனைவி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

“அவருக்கு நல்லா படிக்க தெரியும் டீச்சர். ஏமாந்துறாதீங்க.”

அவள் விளிம்புக்கு நாலடி தள்ளி நின்றாள். காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். நின்றேன் என்றால், அவளுக்கு அரையடி பின்னால், முந்தானையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“ஒயரமா இருக்கு.”

“அது எனக்கும் தெரியுது. நல்லா இருக்கா?”

பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். கடல் அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று போர்ட் கிள்ளானில் தெரிவதே இல்லை. அங்கே கப்பலும் கிரேனும் மறைத்துக்கொள்ளும். இங்கே மறைக்க ஒன்றும் இல்லை.

“நல்லாதான் இருக்கு,” என்றேன்.

“இதுக்கு அந்தப் பக்கம்தான் அவ இருக்கா,” என்று கையை நீட்டினாள். அந்தத் திசை சரிதானா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைக் கசக்கினாள். காற்று, என்றாள்.

இரண்டு மணி போலக் கடல்மேல் கறுத்துக்கொண்டு வந்தது. ஓட்டுநர் எல்லோரையும் கூப்பிட்டு வேனில் ஏற்றினார். எஞ்சின் உறுமியது. வேன் ஒரு சாண் நகர்ந்து நின்றது. மறுபடி உறுமியது. நகரவில்லை.

எனக்கு முதல் உறுமலிலேயே தெரிந்துவிட்டது. கெரோப்போக் சுகத்தில் பெல்ட்டைச் சுத்தமாக மறந்திருந்தேன். தீபாவளி கண்முன்னால் நின்றது. இறங்கி, ஓசைப்படாமல் அவிழ்த்துவிட்டு வந்துவிடலாம்.

“டாய்லட் போய்ட்டு வந்துர்றேன்,” என்று எழுந்தேன்.

“இப்பதான போனீங்க. மழை வருது, ஒக்காருங்க,” என்று மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், விட்டார், கியரை மாற்றினார். “என்னா இது, யாரோ பின்னாலேர்ந்து புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு.”

எவ்வளவு சரியாகச் சொன்னார், மனுஷன். அடுத்த தடவை அவர் அழுத்தியபோது பெல்ட் விறைத்தது. கடல் காற்று அதன்மேல் பட்டு, வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, யாரோ தொண்டைக்குள் ம்ம்ம் என்று முனகுவதுபோல.

குழுவின் தலைவி அக்கா முன் சீட்டில் இருந்தார். கோவிலில் அவர் சொன்னால் ஐயரே ஒரு நிமிஷம் யோசிப்பார். அவர் கையைத் தூக்கியதும் வேன் அமைதியானது.

“கேட்டுச்சா? இந்த எடத்துக்கு ஒரு டத்தோ இருக்காரு. எல்லா எடத்துக்கும் காவலுக்கு ஒருத்தர் உண்டு. இங்கேர்ந்து யாரோ எதையோ எடுத்திருக்கீங்க. அதான் விட மாட்டேங்கிறாரு. யாரு எடுத்தது?”

எங்கள் ஆட்களுக்கு இது புதிது இல்லை. காட்டோரம் வேலை செய்தவர்கள் வீட்டில் எல்லாம் டத்தோவுக்கு ஒரு சூடம் ஏற்றுவார்கள். லோரியில் போகும்போது நானே எத்தனையோ மரத்தடியில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

பின் சீட்டிலிருந்து டீச்சர் கையைத் தூக்கினார். “அக்கா, நான் ஒரு கல்லு எடுத்தேன். செகப்பா அழகா இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு காட்டலாம்னு.”

“பாத்தீங்களா. எங்கேர்ந்து எடுத்த?”

“மேல. அந்த ஓரத்துலேர்ந்து.”

“எங்க எடுத்தியோ அங்கயே வச்சிட்டு, மன்னிப்பு கேட்டுட்டு வா.”

டீச்சர் அழுதுகொண்டே கதவைத் திறந்து இறங்கினார். முதல் மழைத்துளிகள் விழுந்தன. படிக்கட்டு நனைய ஆரம்பித்தது. காற்று அவருடைய துப்பட்டாவைத் தூக்கி முகத்தில் போட்டது. கண் தெரியாமல், கையில் கல்லோடு, அந்தப் பெண் பாறை உச்சிக்குப் போகப் போகிறார். என் பெல்ட்டுக்காக.

நான் கதவு வழியாக இறங்கினேனா குதித்தேனா தெரியாது.

“டீச்சர், போவாதீங்க. கவனம், படி வழுக்கும். பாத்து, விழுந்துருவீங்க.”

மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. திரும்பிப் பார்க்காமலே முதுகில் மனைவியின் பார்வை பட்டது. இனிப் போவதற்கு ஒன்றும் இல்லை.

“டத்தோ இல்லக்கா,” என்றேன் வேனைப் பார்த்து. “நான்தான். பின்னால கட்டியிருக்கேன்.”

ஓட்டுநர் இறங்கிப் பின்னால் வந்து, சருகைக் காலால் தள்ளிப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், கடைசியாக என் இடுப்பைப் பார்த்தார்.

“அதான் காலையில ஒடம்பு அப்படி இருந்துச்சா?”

“சரிவா இருந்துச்சுண்ணே.”

“நான் ஹேண்ட் பிரேக் போட்டேன், கியர் போட்டேன், எலுமிச்சம்பழம் வச்சேன்.”

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

அவர் அப்படியே சவுக்கு மரத்தில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். வேனுக்குள் இருந்த பெண்களும் சிரித்தார்கள். தலைவி அக்கா மட்டும் சிரிக்கவில்லை, “சாமி விஷயத்துல வெளையாடக் கூடாது தம்பி” என்றார். பிறகு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைக் காட்டினார். “அப்ப இத நான் வச்சுக்கலாமா அங்கிள்?”

யோசித்தேன். கட்டியவன் நான், முடிச்சுப் போட்டவன் நான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு இன்னும் ஐந்து மணிநேரம் ஓட்டம் இருக்கிறது.

“எதுக்கும் வச்சிட்டு வந்துருங்க டீச்சர். மேல போவ வேணாம். இந்த மரத்தடியிலயே வைங்க.”

அவர் கல்லைச் சவுக்கு மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டும்போது கெரோப்போக் மக்சிக் ஒரு பழைய குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாயா இங்ஙாட் அபாங் செம்பாயாங், என்றார். நான் மரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றியதை எங்கள் பிரார்த்தனை என்று நினைத்துவிட்டாராம். அதனால்தான் யாரையும் அந்தப் பக்கம் போக விடாமல் பார்த்துக்கொண்டாராம். அவருக்கு என்ன சொல்வது? நன்றி சொன்னேன். ஒரு வகையில் அது பிரார்த்தனைதான்.

வேன் கிளம்பியது. வளைவு வந்தது, திரும்பியது, ஒன்றும் ஆகவில்லை. மனைவி பக்கம் திரும்பினேன். கோபமோ என்று பார்த்தேன். கைப்பேசியை வாயருகே வைத்து மகளுக்குக் குரல் செய்தி பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவும் அப்பாவும் வரோம்,” என்றாள் அதில். “ஆமா, பிளேன்லதான். அப்பாவே ஒத்துகிட்டாரு. எல்லாரு முன்னாலயும்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “வாய மூடிகிட்டு இருந்திருந்தா தீபாவளி வரைக்கும் தப்பிச்சிருப்பீங்க.”

“அந்தப் புள்ள விழுந்திருக்கும்மா.”

“தெரியும்,” என்றாள். சுருட்டிய பெல்ட் என் மடியில் இருந்தது. அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் அடுத்து எதில் கட்டுவேன் என்ற பயம் போலிருக்கிறது. “எந்த சீட்டு போடட்டும்? ஜன்னல் ஓரமா, நடுவுலயா?”

“எது தரைக்குக் கிட்ட இருக்கோ அது.”

அவள் சிரித்ததில் முன்னால் தூங்கிக்கொண்டிருந்த தலைவி அக்கா விழித்து, மறுபடி டத்தோவா என்று கேட்டார்.

மகளின் பதில் பெந்தோங்குக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. மனைவி அதைச் சத்தமாக வைத்து எனக்குக் கேட்க விட்டாள். வீட்டு வாசலில் நின்று பேசியிருப்பாள் போல, பின்னால் தெருப் பிள்ளைகள் சத்தம். “அப்பா, நெஜமாவா? நம்ப முடியலப்பா. வாங்க வாங்க. இங்கயும் கடலோரத்துல பெரிய பாறை இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு என் மகள்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வராதபடி சொன்னாள்: “ஆனா ஓரத்துல போய் நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”